66 வீரர்கள் திரும்பி வராத நாள்!
நாடு முழுவதும் தீயணைப்பு நிலையங்களில் ஏப்ரல் 14 அன்று மௌனம் ஏன்?

ஏப்ரல் 14 என்றால் மும்பைத் தமிழர்களுக்கு இரண்டு விசேஷங்கள். சித்திரை முதல் நாள். மாட்டுங்கா கோவில்களில் கூட்டம் நெரியும். டாக்டர் அம்பேத்கர் பிறந்த நாள். தாராவியில் ஊர்வலம் மேளதாளத்துடன் புறப்படும்.

அதே நாளில் பைகுல்லாவில் வேறு ஒரு காட்சி. தீயணைப்புப் படைத் தலைமையகத்தில் சீருடை அணிந்த வீரர்கள் அணிவகுத்து நிற்பார்கள். நினைவுச் சின்னத்தில் மலர் வளையம் வைப்பார்கள். தலை குனிந்து மௌனமாக நிற்பார்கள்.

பைகுல்லாவில் மட்டும் அல்ல. திருநெல்வேலியிலும், கொல்கத்தாவிலும், டெல்லியிலும், நாட்டின் எந்த மூலையில் உள்ள தீயணைப்பு நிலையத்திலும் அன்று இதே மௌனம்தான். அன்று தொடங்கி 20-ந் தேதி வரை தீயணைப்பு வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது.

இந்த நாளை நாட்டுக்குக் கொடுத்தது மும்பை. அதற்கு மும்பை கொடுத்த விலை, தீயணைப்புப் படையைச் சேர்ந்த 66 உயிர்கள்!

குண்டும் பஞ்சும் ஒரே கப்பலில்

1944-ம் ஆண்டு. உலகப் போர் உச்சத்தில் இருந்த நேரம். "போர்ட் ஸ்டிக்கின்" என்ற 7,142 டன் சரக்குக் கப்பல் பிப்ரவரி 24-ந் தேதி இங்கிலாந்தில் இருந்து புறப்பட்டது. அதில் சுமார் 1,395 டன் வெடிப்பொருள்கள் இருந்தன. டார்பிடோ, கண்ணிவெடி, பீரங்கிக் குண்டு என்று எல்லாம் உண்டு. கூடவே 124 தங்கக் கட்டிகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12.7 கிலோ!

வழியில் கராச்சியில் கொஞ்சம் சரக்கு இறக்கினார்கள். காலியான இடத்தில் 8,700 பஞ்சு மூட்டைகள், எண்ணெய்ப் பீப்பாய்கள், மரம், கந்தகம் எல்லாவற்றையும் ஏற்றினார்கள். வெடிப்பொருள் இருக்கும் கப்பலில் பஞ்சு! போர்க்காலம், கப்பலில் இடம் கிடைப்பதே அரிது. கேட்பார் இல்லை.

ஏப்ரல் 12-ந் தேதி கப்பல் பம்பாய் விக்டோரியா டாக்கில் வந்து நின்றது. வெடிப்பொருள் ஏற்றிய கப்பல் சிவப்புக் கொடி பறக்கவிட வேண்டும் என்பது விதி. அந்தக் கொடி ஏற்றப்படவில்லை. பக்கத்தில் நின்ற கப்பல்களுக்கும், கரையில் சுமை தூக்கிய தொழிலாளிகளுக்கும் தாங்கள் எதன் அருகில் நிற்கிறோம் என்பதே தெரியாது.

பார்த்தவர்கள் சொல்லவில்லை

14-ந் தேதி, வெள்ளிக்கிழமை. மத்தியான உணவு வேளையிலேயே அந்தக் கப்பலில் இருந்து லேசான புகை வருவதைப் பக்கத்துக் கப்பல்களில் இருந்த சிலர் பார்த்திருக்கிறார்கள். ஆனால் யாரும் வாய் திறக்கவில்லை. "அவர்கள் கப்பல், அவர்களுக்குத் தெரியாதா?" என்ற நினைப்பாக இருந்திருக்கலாம்.

சாப்பாட்டு நேரம் முடிந்து தொழிலாளிகள் திரும்பி வந்தபோதுதான், சுமார் 2 மணிக்கு, இரண்டாம் எண் சரக்கு அறையில் புகை வருவது தெரிந்து கூச்சல் போட்டார்கள். தீயணைப்பு வண்டிகள் விரைந்து வந்தன.

வீரர்கள் குழாய்களை இறக்கித் தண்ணீரைப் பாய்ச்சினார்கள். ஒன்றல்ல, இரண்டல்ல, 900 டன்னுக்கு மேல் தண்ணீர் உள்ளே போயிற்று. தீ அடங்கவில்லை. இறுக்கிக் கட்டிய பஞ்சு மூட்டைக்குள் தண்ணீர் எளிதில் இறங்காது. வெளியே நனைந்தாலும் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். புகை அடர்த்தியில் நெருப்பு எங்கே பிடித்திருக்கிறது என்பதையே காண முடியவில்லை. சூட்டில், ஊற்றிய தண்ணீரே கொதித்தது!

ஆளுக்கு ஒரு யோசனை

இந்த நேரத்தில் டாக்கில் பெரிய அதிகாரிகள் பலர் கூடிவிட்டார்கள்.

கப்பலை நின்ற இடத்திலேயே மூழ்கடித்துவிடலாம் என்றார் ஒருவர். டாக்கில் அதற்குப் போதிய ஆழம் இல்லை என்றது இன்னொரு தரப்பு. கடலுக்கு இழுத்துக்கொண்டு போய்விடலாம் என்பது மற்றொரு யோசனை. தண்ணீர் ஊற்றியே அணைத்துவிடலாம் என்பது வேறொரு நம்பிக்கை.

கப்பலுக்கு ஒரு அதிகாரி. துறைமுகத்துக்கு ஒரு அதிகாரி. வெடிமருந்துக்கு ராணுவ அதிகாரி. தீயை அணைக்க நகரத்தின் தீயணைப்புப் படை. எல்லோரும் இருந்தார்கள். "இப்படித்தான் செய்ய வேண்டும்" என்று எல்லோருக்கும் கட்டளை இட ஒருவர் இல்லை!

பேச்சு நடந்தது. தீயும் வளர்ந்தது. 3 மணி 50 நிமிடத்துக்குக் கப்பலை விட்டு இறங்கும்படி உத்தரவு பிறந்தது. 16 நிமிடம் கழித்து, சரியாக 4 மணி 6 நிமிடத்துக்கு, கப்பல் இரண்டாகப் பிளந்து வெடித்தது.

சிம்லா வரை அதிர்ச்சி

12 கிலோ மீட்டர் தொலைவில் இருந்த ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கின. கொலாபா வானிலை ஆய்வுக் கூடத்தின் பூகம்பக் கருவியில் அதிர்ச்சி பதிவாயிற்று. 1,700 கிலோ மீட்டருக்கு அப்பால் உள்ள சிம்லாவிலும் கருவிகள் அசைந்தன. "ஜலபத்மா" என்ற கப்பலை அலை தூக்கி, அதன் பின்பகுதியைக் கரையில் இருந்த கொட்டகையின் மேல் வைத்துவிட்டது. ஒரு தங்கக் கட்டி ஏறக்குறைய ஒரு மைல் பறந்து ஒரு பார்சிக்காரர் வீட்டில் போய் விழுந்தது.

வானத்தில் இருந்து எரியும் பஞ்சு மூட்டைகள் மழையாகப் பொழிந்தன. கிட்டங்கிகள் எரிந்தன. ஏழைகளின் குடிசைகள் எரிந்தன. அடிபட்டவர்களைத் தூக்கிக்கொண்டிருந்தபோது, 4 மணி 34 நிமிடத்துக்கு இரண்டாவது வெடிப்பு!

மாண்டவர்கள் 800 பேர் முதல் 1,300 பேர் வரை என்று பலவிதமாகக் கணக்கிடப்படுகிறது. சுமார் 80 ஆயிரம் பேர் வீடு வாசல் இழந்தனர். தீயைக் கட்டுக்குள் கொண்டுவர மூன்று நாள் பிடித்தது. இடிபாடுகளை அள்ளி டாக்கைச் சீர்படுத்த 8 ஆயிரம் பேர் ஏழு மாதம் உழைத்தார்கள்.

தீயணைப்புப் படையில் மட்டும் 66 பேர் மாண்டனர். எல்லோரும் ஓடும் திசைக்கு எதிர்த் திசையில் ஓடியவர்கள் அவர்கள்.

மறைக்கப்பட்ட செய்தி

இத்தனை பெரிய விபத்து நடந்தும் பத்திரிகைகளால் விவரம் எழுத முடியவில்லை. போர்க்காலத் தணிக்கை! மறுநாளே ஜப்பானியர் கையில் இருந்த சைகோன் வானொலி விவரமாகச் சொல்லிவிட்டது. இங்கே மே மாதம் இரண்டாவது வாரத்தில்தான் நிருபர்கள் செய்தி அனுப்ப அனுமதி கிடைத்தது.

பிறகு விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. யாரோ அலட்சியமாகப் போட்ட சிகரெட் நெருப்பால் பஞ்சு பற்றியிருக்கலாம் என்பது குழு வந்த முடிவு. நாச வேலை அல்ல. அணைக்காமல் எறிந்த ஒரு சிகரெட் துண்டு!

குதிரை வண்டி காலம்

பம்பாய்க்குத் தீ புதிது அல்ல. 1803-ம் ஆண்டு பிப்ரவரி 17-ந் தேதி கோட்டைப் பகுதியில் பிடித்த பெருந்தீயில் ஏராளமான வீடுகளும் கடைகளும் சாம்பலாயின. நெருக்கிக் கட்டிய வீடுகள்தான் காரணம் என்று கண்டு, கோட்டைக்கு வெளியே குடியேறும்படி மக்களை அரசாங்கம் தூண்டியது. இன்றைய மும்பை கோட்டையை விட்டு வடக்கே வளர்ந்ததற்கு அந்தத் தீயும் ஒரு காரணம்.

அப்போது தனித் தீயணைப்புப் படை என்று ஒன்று இல்லை. 1855-ல்தான் போலீசாரின் பொறுப்பில், குதிரை இழுக்கும் வண்டிகளுடன் ஒரு ஏற்பாடு தொடங்கிற்று. போலீஸ்காரருக்கு அது பகுதி நேர வேலை. 1887-ல் அது நகரசபையின் பொறுப்புக்கு வந்தது. அன்று முதல் இன்று வரை மும்பைத் தீயணைப்புப் படை மாநகராட்சியின் படையாகவே இருக்கிறது.

நாட்டுக்கு ஒரே படை உண்டா?

"ராணுவம் இருப்பதுபோல, ரெயில்வே இருப்பதுபோல, நாடு முழுவதற்கும் ஒரே தீயணைப்புப் படை இருக்கிறதா?" என்று பலர் கேட்பது உண்டு. இல்லை.

இங்கிலாந்தில் அப்படி ஒன்று இருந்தது. ஜெர்மன் விமானங்கள் குண்டு பொழிந்தபோது ஒரு ஊருக்கு உதவ மறு ஊர்ப் படை ஓடி வரும். வந்து பார்த்தால் இவர்கள் குழாய் அவர்கள் பம்பில் மாட்டாது! கட்டளையும் வேறு, பதவிப் பெயரும் வேறு. ஆகவே 1941 ஆகஸ்டில் 1,600-க்கும் மேற்பட்ட ஊர்ப் படைகளை ஒன்றாக்கித் தேசியத் தீயணைப்புப் படை அமைத்தார்கள். போர் முடிந்த பின், 1948 ஏப்ரல் 1-ந் தேதி முதல் அது மறுபடியும் உள்ளாட்சிகளுக்கே போயிற்று.

பம்பாய் டாக் வெடித்தபோது இங்கிலாந்தில் அந்தப் படை இருந்தது. அதே ஆட்சியின் கீழ் இருந்த இந்தியாவில் இல்லை. சுதந்திரத்துக்குப் பிறகும் தீயணைப்பு மாநிலங்களின் பொறுப்பாகவே இருக்கிறது. 1992-ல் நிறைவேறிய 74-வது அரசியல் சட்டத் திருத்தம் அதை நகரசபைகளிடம் ஒப்படைக்கத்தக்க வேலைகளின் பட்டியலில் சேர்த்தது.

இதனால் ஊருக்கு ஊர் ஏற்பாடு வேறு. தமிழ்நாட்டில் மாநில அரசின் துறை; மதுரைக்கும் மார்த்தாண்டத்துக்கும் ஒரே தலைமை. கர்நாடகத்திலும் மாநிலத் துறைதான். டெல்லியில் மாநகராட்சியிடம் இருந்து 1994-ல் டெல்லி அரசுக்குப் போயிற்று. மகாராஷ்டிரத்திலோ மும்பைக்கு ஒரு படை, தானேக்கு ஒரு படை, புனேக்கு ஒரு படை. தொழிற்பேட்டைகளுக்கு மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகத்தின் படை.

துறைமுகத்துக்கும் விமான நிலையத்துக்கும் தனித்தனிப் படைகள் உண்டு. மத்திய அரசின் பெரிய ஆலைகள் பலவற்றைக் காப்பது மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையின் தீயணைப்புப் பிரிவு. அது 1970-ல் கொச்சி உரத் தொழிற்சாலையில் முதன் முதலாகத் தொடங்கப்பட்டது.

ஒன்றாகக் கட்டும் கயிறு

இத்தனை படைகளையும் ஒன்றாகக் கட்டும் கயிறு எது?

மத்திய உள்துறை அமைச்சகம் 1955-ல் தீயணைப்பு ஆலோசனைக் குழு ஒன்றை அமைத்தது. எல்லா மாநிலங்களும் ஒரே விதமான கருவி, ஒரே விதமான பயிற்சி, ஒரே விதமான சட்டம் கொண்டிருக்க வேண்டும் என்பது நோக்கம். 1958-ல் மாதிரி மசோதா ஒன்று மாநிலங்களுக்கு அனுப்பப்பட்டது. 2019-ல் இன்னொன்று. மத்திய அரசு மாதிரிதான் தரலாம். சட்டம் ஆக்குவது மாநிலத்தின் விருப்பம்.

குழாய் விஷயத்தில் ஒற்றுமை வந்துவிட்டது. தண்ணீர் பாய்ச்சும் குழாய்களின் இணைப்புக்கு 63 மில்லி மீட்டர் என்ற இந்தியத் தர அளவு இருக்கிறது. ஒரு ஊர்க் குழாய் மறு ஊர்ப் பம்பில் மாட்டும். சின்ன விஷயமாகத் தோன்றலாம். எரியும் கட்டிடத்தின் முன் நிற்பவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

முக்கியமான கயிறு நாகபுரியில் இருக்கிறது. தேசியத் தீயணைப்புக் கல்லூரி 1956-ல் உத்தரப்பிரதேசத்தில் உள்ள ராம்பூரில் தொடங்கி, அடுத்த ஆண்டே நாகபுரிக்கு மாறியது. பல மாநிலங்களில் இருந்தும் அதிகாரிகள் இங்கே வந்து பயிற்சி பெறுகிறார்கள். தீப் பொறியியலில் பட்டப் படிப்பும் உண்டு. தமிழ்நாட்டு அதிகாரியும் பஞ்சாப் அதிகாரியும் ஒரே பயிற்சி மைதானத்தில் ஏணி ஏறிய பழக்கம், பின்னால் தொழிலில் உதவுகிறது.

பணத்துக்குத்தான் எப்போதும் தட்டுப்பாடு. நகரசபை சாலை போடுமா, குடிநீர் தருமா, இல்லை என்றோ வரப்போகும் தீக்கு வண்டி வாங்குமா? பல ஊர்களில் தீயணைப்புக்குக் கடைசி இடம்தான். இந்த நிலையை மாற்ற, 15-வது நிதிக் குழுவின் சிபாரிசுப்படி, மாநிலங்களின் தீயணைப்புத் துறைகளை விரிவாக்க 5 ஆயிரம் கோடி ரூபாய்த் திட்டம் 2023-ல் அறிவிக்கப்பட்டது.

மணி அடித்தால்...

மும்பையில் தீ பற்றிய தகவல் கட்டுப்பாட்டு அறைக்கு வருகிறது. அருகில் உள்ள நிலையத்தில் இருந்து வண்டிகள் புறப்படுகின்றன. முதலில் போய்ச் சேரும் அதிகாரி தீயைப் பார்த்து, முதல் நிலை, இரண்டாம் நிலை என்று அறிவிப்பார். நிலை உயர உயர மற்ற நிலையங்களின் வண்டிகளும், மேல் அதிகாரிகளும் வந்து சேர வேண்டும். இடத்தில் இருப்பவர்களில் மூத்த அதிகாரியின் சொல்லே கட்டளை. 1944-ல் இல்லாமல் போனது இதுதான்.

பெரிய அதிகாரி என்றால் தூரத்தில் நின்று கை காட்டுபவர் அல்ல. 2015-ம் ஆண்டு மே 9-ந் தேதி கால்பாதேவியில் ஒரு பழைய கட்டிடம் தீப்பிடித்தது. அணைத்துக்கொண்டிருக்கும்போதே கட்டிடம் சரிந்தது. அதில் சிக்கிய நான்கு அதிகாரிகள் உயிரிழந்தனர். அவர்களில் ஒருவர் மும்பைத் தீயணைப்புப் படையின் தலைமை அதிகாரி சுனில் நேஸ்ரீகர்! படைக்குத் தலைமை வகித்தவரே எரியும் கட்டிடத்தின் அருகில் நின்றார்.

உயரமும் இன்று பெரிய சவால். 1975 ஜூலை 11-ந் தேதி சென்னை அண்ணா சாலையில் 14 மாடி எல்.ஐ.சி. கட்டிடம் எரிந்ததைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். இன்று மும்பைப் படையிடம் 90 மீட்டர் எட்டும் ஏணி வண்டி இருக்கிறது. மும்பை கோபுரங்களோ அதைத் தாண்டி எங்கேயோ போய்விட்டன. அந்தப் பெரிய வண்டி சந்துக்குள் நுழையவும் முடியாது. குடிசைப் பகுதியில் கடைசி நூறு அடியை வீரர்கள் குழாயைத் தோளில் சுமந்துகொண்டு ஓடித்தான் கடக்க வேண்டும்.

நம் பங்கு என்ன?

மகாராஷ்டிரத்தில் 2006-ல் நிறைவேறிய தீத்தடுப்புச் சட்டத்தின்படி, சட்டம் குறிப்பிடும் கட்டிடங்களில் தீயணைப்புக் கருவிகளை நல்ல நிலையில் வைத்திருப்பது உரிமையாளர் அல்லது குடியிருப்பவரின் பொறுப்பு. ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், உரிமம் பெற்றவர்களைக் கொண்டு சோதித்துச் சான்று தர வேண்டும். குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் "இந்த ஜனவரிச் சான்று எங்கே?" என்று கேட்க யாருக்கும் உரிமை உண்டு.

மாடிப்படியில் பழைய சைக்கிளும், தட்டுமுட்டுச் சாமானும் அடுக்கியிருந்தால் அது யார் குற்றம்? 1997-ல் டெல்லி உப்ஹார் தியேட்டரில் 59 பேர் மாண்டார்கள். வெளியேறும் வழி தடைபட்டிருந்ததும் அதற்கு ஒரு முக்கிய காரணம். தீயை விடப் புகையே அதிகம் பேரைக் கொல்கிறது என்பதை மறக்கக் கூடாது. புகையில் மாட்டிக்கொண்டால் ஈரத் துணியை மூக்கில் வைத்துக்கொண்டு, தரையோடு குனிந்து வெளியேற வேண்டும். லிப்டில் ஏறக் கூடாது.

ஊருக்குப் போகும் ரெயிலில் அடுப்பும் சிலிண்டரும் எடுத்துச் செல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ரெயில்வே சட்டம் 164-வது பிரிவின்படி அதற்கு மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. தண்டனையை விடுங்கள். 2023 ஆகஸ்ட் 26-ந் தேதி மதுரையில் நிறுத்தி வைத்திருந்த சுற்றுலா ரெயில் பெட்டி எரிந்து 9 பேர் மாண்டார்கள். லக்னோவில் இருந்து வந்த பெட்டி அது. விதியை மீறி உள்ளே கொண்டுவந்த சமையல் சிலிண்டர்தான் காரணம். வெடிப்பொருளோடு பஞ்சை ஏற்றியவர்களுக்கும், பயணிகளோடு சிலிண்டரை ஏற்றியவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

ஒரு சொல் போதும்

ஊரில் இருந்து புதிதாக வந்தவருக்கு மராத்தி தெரியாது, இந்தியும் தடுமாறும். புகையைப் பார்த்தாலும் யாரிடம் என்ன சொல்வது என்று தயங்குவார். தயங்கத் தேவையில்லை. "ஆக்" என்றால் இரண்டு மொழியிலும் தீ என்றுதான் பொருள். 101 அல்லது 112 எண்ணுக்குப் போன் செய்து அந்த ஒரு சொல்லையும், இருக்கும் இடத்தையும் சொன்னால் போதும். பக்கத்தில் உள்ள ரெயில் நிலையம், பள்ளிக்கூடம், கோவில், மசூதி என்று ஏதாவது ஒரு அடையாளம் சொல்ல வேண்டும். உள்ளே சிலிண்டர் இருந்தால், ரசாயன டப்பா இருந்தால், அதையும் மறக்காமல் சொல்ல வேண்டும். உள்ளே போகப்போகும் வீரரின் உயிர் அந்தத் தகவலில் இருக்கிறது.

புகை பெரிதாகட்டும், வேறு யாராவது சொல்லட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 1944-ல் மத்தியானப் புகையைப் பார்த்த சிலர் அப்படித்தான் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் உடனே சொல்லியிருந்தால், வீரர்களுக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடைத்திருக்கும்.

வருகிற ஏப்ரல் 14 அன்று புத்தாண்டுக்குக் கோவிலுக்குப் போகிறவர்களும், அம்பேத்கர் ஊர்வலத்தில் நடக்கிறவர்களும், வழியில் ஒரு தீயணைப்பு நிலையத்தைக் கடக்க நேர்ந்தால் ஒரு நிமிடம் நிற்கலாம். வீட்டுக்குத் திரும்பியதும் மாடிப்படியில் கிடக்கும் அந்தப் பழைய சைக்கிளை அப்புறப்படுத்தலாம். 66 பேருக்கும் அதைவிட நல்ல மலர் வளையம் வேறு இல்லை.